பனியில் பாய்லர் நின்றால்: பிரிட்டனில் வாழ்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் 1910 முதல் பதிவான டிசம்பர்களிலேயே மிகக் குளிரானது 2010 டிசம்பர். அந்த மாதம் ஆயிரக்கணக்கான வீடுகளில் பாய்லர் நின்றது. இன்ஜினியர்கள் வந்து பார்த்தபோது, அவற்றில் ஏராளமானவற்றில் எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை. வெளிச்சுவரில் இறங்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றுக்குள் தண்ணீர் உறைந்திருந்தது, அவ்வளவுதான். அடுத்தடுத்து வந்த கடும் குளிர்களிலும் இதே கதைதான். வெந்நீரும் கொஞ்சம் பொறுமையும் போதுமான வேலைக்கு, பலர் தொலைபேசி வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

பாய்லர் நின்றதும் நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செயல்படுகிறோம். முதலில் போன் செய்கிறோம், பிறகு பாய்லரைப் பார்க்கிறோம், பழுதுக் காப்புத் திட்டத்தின் பத்திரத்தைச் சண்டை வந்த பிறகே படிக்கிறோம். சரியான வரிசை வேறு: பாதுகாப்பு, சோதனை, பத்திரம், அதன் பிறகு போன். கீழே வருவது எரிவாயு பாய்லர் உள்ள வீடுகளுக்கானது. சட்ட விவரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் சில விதிகள் மாறும்.

படி 1: முதலில் மூக்கு, பிறகு தலை

எரிவாயு வாடை அடித்தால் இந்த வழிகாட்டியின் மற்ற பகுதிகள் எல்லாம் பிறகு. மின் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். தீக்குச்சி உரசக் கூடாது. ஜன்னல் கதவுகளைத் திறந்துவிடுங்கள். எரிவாயு மீட்டரை எளிதில் எட்ட முடிந்தால், அதன் அருகில் உள்ள கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்புங்கள்; குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு ஒட்டி நேராக நின்றால் திறந்திருக்கிறது என்று பொருள். பிறகு வெளியே போய் 0800 111 999 என்ற எண்ணை அழையுங்கள். அழைப்பு இலவசம், நாள் முழுவதும் இயங்கும். வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு 0800 002 001. இந்த அவசரக் குழுவினர் கசிவை நிறுத்தி வீட்டைப் பாதுகாப்பாக்குவார்கள். பாய்லரைப் பழுதுபார்ப்பது அவர்கள் வேலை அல்ல.

கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, அதனால் இன்னும் ஆபத்தானது. வீட்டில் இருக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மூச்சுத்திணறல். வெளியே போனால் குறைகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருகிறது என்றால், சளிக்காய்ச்சல் என்று எண்ணிக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பாய்லரை அணைத்து, வெளியேறி, அதே 0800 111 999 எண்ணை அழையுங்கள். யாராவது மயங்கினால் 999. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகத் துவள்வதும், பாய்லரைச் சுற்றிக் கரி படிவதும் இதற்கான அறிகுறிகள்தான்.

இன்னொன்று: பாய்லரின் வெளி உறையைத் திருகு கழற்றித் திறக்காதீர்கள். அது சட்டப்படி கேஸ் சேஃப் (எரிவாயு இன்ஜினியர்களின் அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவு பெற்றவரின் வேலை. கைத்தொழில் தெரிந்த மாமா, மச்சான் வீட்டில் இருந்தாலும் இதில் விதிவிலக்கு இல்லை. கீழே சொல்லும் எல்லாம் உறையைத் திறக்காமலே செய்யக்கூடியவை.

படி 2: பழுதுதானா என்று பாருங்கள்

மின்சாரம். எரிவாயு பாய்லருக்கும் மின்சாரம் வேண்டும். பாய்லருக்கு அருகே சுவரில் சிறு ஃபியூஸ் பதித்த தனி சுவிட்ச் இருக்கும்; யாராவது கை தவறி அணைத்திருக்கலாம். ஃபியூஸ் பெட்டியில் ஏதாவது சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தெருவே இருட்டாக இருந்தால் 105 என்ற எண்ணில் மின் விநியோக நிறுவனத்தைப் பிடிக்கலாம்.

எரிவாயு. எரிவாயு அடுப்பு இருந்தால் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பும் எரியவில்லை என்றால் குற்றம் பாய்லருடையது அல்ல. முன்பணம் செலுத்தும் மீட்டராக இருந்தால் இருப்பு தீர்ந்திருக்கலாம். குளிர் நாளில் பணம் வழக்கத்தைவிட வேகமாகக் கரையும்.

தெர்மோஸ்டாட். கம்பியில்லாத் தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்துபோவது அன்றாடம் நடப்பது. மின்வெட்டுக்குப் பிறகு பழைய டைமர்களின் கடிகாரம் தவறான நேரம் காட்டும். உங்கள் பாய்லர் நள்ளிரவு என்று நம்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பிரஷர். தொட்டியில்லாமல் ஹீட்டிங்கும் வெந்நீரும் தரும் கோம்பி பாய்லரின் முகப்பில் வட்டமான அளவுமானியோ எண்களோ இருக்கும். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை இருக்க வேண்டும். மிகக் குறைந்தால் பாய்லர் தன்னையே நிறுத்திக்கொள்ளும். வெய்லன்ட் பாய்லர்களில் எஃப் 22, ஐடியல் லாஜிக் பாய்லர்களில் எஃப் 1 என்ற குறியீடுகள் இதைத்தான் சொல்கின்றன. சரிசெய்ய, பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். அடியில் வெள்ளி நிறப் பின்னல் போட்ட ஒரு சிறு குழாய் இருக்கும், ஃபில்லிங் லூப் என்பார்கள். சில மாடல்களில் அதற்குப் பதில் ஒரு நெம்புகோலோ சாவியோ உண்டு. இரு முனைகளிலும் உள்ள வால்வுகளை மெதுவாகத் திறந்தால் தண்ணீர் ஏறும் ஓசை கேட்கும். முள் 1.2ஐ ஒட்டி வந்ததும் இரண்டையும் இறுக மூடுங்கள். மூட மறந்தால் பிரஷர் 3 பார் வரை ஏறி, பாதுகாப்பு வால்வு வெளியே தண்ணீரைக் கக்கத் தொடங்கும். அப்போதுதான் உண்மையான பழுது வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உறைபனி இரவுக்கு மறுநாள் பிரஷர் திடீரென்று சுழியத்துக்கு இறங்கியிருந்தால், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டிருக்காதீர்கள். பரணிலோ தரைக்கடியிலோ ஒரு குழாய் உறைந்து வெடித்திருக்கக்கூடும். கூரையில் ஈரத் திட்டு தெரிகிறதா என்று எல்லா அறைகளையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

கடைசியாகத் திரையில் தெரியும் குறியீட்டைப் படம் எடுங்கள். ரீசெட் அழுத்தும் முன்பே எடுங்கள், அழுத்தினால் அது மறைந்துவிடும். பிறகு கேட்கப்போகும் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஓரிரு முறை ரீசெட் செய்யலாம்; அதற்கும் எழவில்லை என்றால் பொத்தானை விட்டுவிடுங்கள்.

படி 3: உறைந்த கண்டன்சேட் குழாய்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். குளிர் காலையில் இதற்குத்தான் அதிக வாய்ப்பு.

2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள் ஏறத்தாழ எல்லாமே கண்டென்சிங் வகை. புகைபோக்கி வழியே வீணாகும் நீராவியைக் குளிரவைத்து, அதிலுள்ள வெப்பத்தையும் இவை பிடித்துக்கொள்கின்றன. நீராவி குளிர்ந்தால் தண்ணீர். லேசான அமிலத்தன்மை உள்ள அந்தத் தண்ணீர்தான் கண்டன்சேட்; அது ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறுகிறது. குழாய் வீட்டுக்குள்ளேயே சமையலறைத் தொட்டியின் கழிவுநீரோடு சேர்ந்தால் கவலை இல்லை. பல வீடுகளில் அது சுவரைத் துளைத்து வெளியே வந்து, தரையில் உள்ள வடிகால் வரை இறங்குகிறது. பழைய வேலைகளில் குழாய் விரல் பருமன்தான் இருக்கும். சொட்டுச் சொட்டாக வரும் நீர் அதில் உறைந்து, அடைத்து, மேலே தேங்கி, பாய்லருக்குள் திரும்புகிறது. பாய்லர் பாதுகாப்புக்காக நின்றுவிடுகிறது.

அடையாளம் என்ன? வெளியே சுழியத்துக்குக் கீழே குளிர். பாய்லர் பற்ற முயன்று தோற்கிறது. உள்ளிருந்து களகளவென்று கொப்பளிக்கும் ஒலி. வூஸ்டர் பாய்லர்களில் ஈஏ, வெய்லன்ட் பாய்லர்களில் எஃப் 28, ஐடியல் பாய்லர்களில் எல் 2 போன்ற குறியீடுகள் வரும். இவை பொதுவாகச் சுடர் பற்றவில்லை என்பதைக் குறிப்பவை. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இரவு முழுக்க உறைந்த பிறகு காலையில் இது வந்தால் முதல் சந்தேகம் இந்தக் குழாய் மேல்தான் விழ வேண்டும்.

குழாய் நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டினால் மட்டும் இறங்குங்கள். மாடி உயரத்தில் இருந்தால் பனி படிந்த தரையில் ஏணி வைக்க வேண்டாம்; எலும்பு முறிவுக்கு எந்தக் காப்புத் திட்டமும் இன்ஜினியரை அனுப்பாது.

கெட்டிலில் நீரைச் சூடாக்கி, கொதி அடங்கும் வரை சற்று ஆறவிடுங்கள். கொதிநீர் பட்டால் குளிர்ந்த பிளாஸ்டிக் விரிசல் விடலாம், உங்கள் கையும் வெந்துபோகும். தோட்டத்துக்கு நீர் ஊற்றும் பூவாளியிலோ ஒரு செம்பிலோ எடுத்து, குழாயின் திறந்த முனை, முழங்கை வளைவுகள், கிடையாக ஓடும் பகுதி ஆகியவற்றின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். பனி பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். வெந்நீர்ப் பையைச் சுற்றிக் கட்டலாம், வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தலாம். நாலைந்து முறை ஊற்ற வேண்டி வரலாம். அடைப்பு விட்டதும் தேங்கியிருந்த நீர் சலசலவென்று வடியும். பிறகு உள்ளே வந்து ரீசெட் செய்யுங்கள். தரையில் ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் கண்ணாடிப் பனியாகிவிடும். தபால்காரர் வருவதற்குள் உப்பைத் தூவிவிடுங்கள்.

பாய்லர் எழுந்துவிட்டால், குளிர் விடும் வரை ஹீட்டிங்கை முழுக்க அணைக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டை 15 டிகிரியில் வைத்து இரவெல்லாம் ஓடவிடுங்கள். குழாயில் வெதுவெதுப்பான நீர் ஓடிக்கொண்டிருந்தால் உறைவது அரிது. நிரந்தரத் தீர்வு வேறு. வெளியே ஓடும் பகுதி குறைந்தது 32 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மாற வேண்டும், முடிந்த அளவு குட்டையாக, சரிவாக இருக்க வேண்டும், வெயில் மழை தாங்கும் காப்புறை போட வேண்டும். வசந்தம் வந்ததும் மறந்துவிடுவோம் என்பதால், சொல்லிவைக்க வேண்டிய நாள் இன்றுதான்.

படி 4: காத்திருக்கும் நேரத்தில் வீடு

ஒரே அறையில் எல்லாரும் சேருங்கள், அதைச் சூடாக்குங்கள், கதவை மூடுங்கள். எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் விசிறி ஹீட்டரைவிடப் பாதுகாப்பானது, இரவுக்கும் தகும். இரண்டு கிலோவாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் தின்னும். யூனிட் 25 முதல் 30 பென்ஸ் என்று வைத்தால், பத்து மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஐந்தாறு பவுண்டு. அதை எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகாதீர்கள், சுவர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள். ஈரத் துணியை அதன் மேல் காயப்போடாதீர்கள். கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள் ஒருபோதும் கொண்டுவரக் கூடாது; எரிவாயு அடுப்பைக் குளிர்காயவும் பயன்படுத்தாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டி உள்ள வீடுகளில் வெந்நீருக்கு மின் இமர்ஷன் ஹீட்டர் இருக்கக்கூடும். அலமாரிக்குள் உள்ள அந்தச் சுவிட்ச் பல ஆண்டுகளாகத் தொடப்படாமல் இருக்கும்.

வீட்டின் முதன்மைத் தண்ணீர் வால்வு எங்கே என்று இப்போதே பாருங்கள். பெரும்பாலும் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும். குழாய் வெடித்தால் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வீட்டில் முதியவர், கைக்குழந்தை, நீண்டகால நோயாளி இருந்தால் அவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்பத் தயங்காதீர்கள். வீட்டின் வெப்பம் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதார அறிவுரை. நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, மந்தமானால் அது ஹைப்போதெர்மியாவாக (உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைவது) இருக்கலாம், 999ஐ அழையுங்கள்.

படி 5: போனுக்கு முன் பத்திரம்

'எங்களுக்குக் கவர் இருக்கிறது' என்று பலர் சொல்வார்கள். எந்தக் கவர் என்று கேட்டால் மாதம் போகும் தொகையைச் சொல்வார்கள். உண்மையில் நான்கு வேறுபட்ட ஏற்பாடுகள் இந்த ஒரே பெயரில் புழங்குகின்றன. எது உங்களுடையது என்பதைப் பொறுத்தே யாரை அழைப்பது, எதைக் கேட்பது, கடைசியில் யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம்.

முதலாவது, தயாரிப்பாளரின் உத்தரவாதம். பாய்லர் புதியதாக இருந்தால் ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகள்கூட இருக்கும். மாதப் பணம் கட்டாமலே கிடைக்கும் இதை மறந்துவிட்டு, அதே பாய்லருக்குத் தனிக் கவர் வாங்கிப் பணம் கட்டுபவர்கள் உண்டு. நிபந்தனை ஒன்றுதான், அது கறாரானது: ஆண்டுதோறும் சர்வீஸ் செய்து, பாய்லரோடு வந்த பதிவேட்டில் குறித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு தவறினாலும் உத்தரவாதம் போய்விடலாம்.

இரண்டாவது, பராமரிப்பு ஒப்பந்தம். மாதப் பணம் கட்டினால் ஆண்டுக்கு ஒரு சர்வீஸும் பழுதுபார்ப்பும் கிடைக்கும். மூன்றாவது, வீட்டு அவசரக் காப்பீடு. தனியாகவோ வீட்டுக் காப்பீட்டோடு ஒட்டியோ வரும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலிருக்கும், சட்டத்தில் வேறு வேறு. உங்கள் தாள்களில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும், இரண்டு பக்கச் சுருக்கமாக ஒரு காப்பீட்டுத் தகவல் ஆவணமும் இருந்தால் அது காப்பீடு. சண்டை வந்தால், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம். வெறும் பராமரிப்பு ஒப்பந்தமாக இருந்தால் அந்தக் கதவு பொதுவாகத் திறக்காது. நுகர்வோர் உரிமைச் சட்டமும் சிறு வழக்கு நீதிமன்றமும்தான். நான்காவது, வாடகை வீடு. அங்கே கவர் யாருடையது என்பதே உங்கள் கவலை அல்ல. அதைப் படி 8இல் பார்க்கலாம்.

பத்திரத்தில் எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. தேட வேண்டிய இடங்கள் சில:

- அவசரம் என்று எதை ஏற்கிறார்கள். சில பாலிசிகள் ஹீட்டிங்கும் வெந்நீரும் முழுக்க நின்றால்தான் ஏற்கும். ஒரு ரேடியேட்டர் சூடாகவில்லை என்பது அதில் சேராது.
- தொடக்கக் காத்திருப்பு. வாங்கிய முதல் 14 அல்லது 28 நாளுக்குள் கோர முடியாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பனி வரப்போகிறது என்ற செய்தி கேட்டு வாங்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.
- கண்டன்சேட் குழாய். உறைந்த குழாயை இளக்குவது அடங்கும், அடங்காது என்று இருவகையும் உண்டு.
- பாய்லரின் வயது. பத்து அல்லது பதினைந்து ஆண்டு தாண்டியதை ஏற்காத பத்திரங்கள் உண்டு.
- சேறும் சுண்ணாம்பும். ரேடியேட்டர் குழாய்களில் சேரும் கறுப்புச் சேற்றால் வந்த பழுதை விலக்கியிருப்பார்கள். இங்கிலாந்தின் தென்கிழக்கில் தண்ணீர் கடினமானது. சுண்ணாம்பு விலக்கு அங்கே வெறும் எழுத்து அல்ல.
- உச்ச வரம்பு, நீங்கள் முதலில் கட்ட வேண்டிய தொகை, வீடு வசிக்க முடியாமல் போனால் தங்குமிடச் செலவு உண்டா என்பது.
- பழுதுபார்க்கும் செலவு கட்டுப்படியாகாத பாய்லர் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு, அப்படி முடிவானால் புதியதற்கு எவ்வளவு தருவார்கள்.

கடைசியில் உள்ளதுதான் பெருந்தொகைச் சண்டைகளின் ஊற்று. புதிய பாய்லர் பொருத்தினால் கூலியோடு இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டும். பல பாலிசிகள் தருவது சில நூறு மட்டும்.

படி 6: போனில் என்ன சொல்வது

'பாய்லர் வேலை செய்யவில்லை' என்று தொடங்கினால், பள்ளிக் குழந்தையிடம் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அதற்குப் பதில் இப்படித் தொடங்குங்கள்: ஹீட்டிங், வெந்நீர் இரண்டும் இல்லை, எப்போது நின்றது, பாய்லர் மாடலும் குறியீடும் இவை, மின்சாரம், எரிவாயு, பிரஷர் பார்த்துவிட்டேன், வெளிக்குழாயை இளக்கியும் பார்த்துவிட்டேன். வீட்டில் 75 வயது அம்மா இருக்கிறார், ஆறு மாதக் குழந்தை இருக்கிறது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பனி நாளில் அழைப்புகளை அவர்கள் வரிசைப்படுத்துவது இதை வைத்துத்தான். இரக்கம் தேடுவதாக நினைத்துக் கூச வேண்டாம்.

பேசியவர் பெயர், நேரம், கோரிக்கை எண், வருவதாகச் சொன்ன நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அதையே மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். நம் வீடுகளில் ஆங்கிலம் பேசும் பிள்ளை பள்ளி போன பிறகு தாத்தா பாட்டிதான் போனை எடுப்பார்கள். உங்களுக்காகப் பேச இன்னொருவருக்கு அனுமதி உண்டு என்று கணக்கில் பதிவு செய்யச் சொல்லலாம். மின், எரிவாயு நிறுவனங்கள் நடத்தும் முன்னுரிமைச் சேவைப் பதிவேடும் இருக்கிறது. முதியவர், சிறு குழந்தை உள்ள வீடு, நோயாளிகள் மட்டுமல்ல, ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் அதில் சேரலாம். அது பாய்லரைப் பழுதுபார்க்காது. விநியோகம் தடைபடும் நாளில் உங்களை முன்வரிசையில் வைக்கும்.

வருவதற்கு நான்கு நாள் ஆகும் என்றால்? நாமே ஒருவரை வைத்துச் செய்துகொண்டு பில்லை அனுப்பலாமா என்று கேளுங்கள். சரி என்றால் எவ்வளவு வரை என்பதோடு எழுத்தில் வாங்குங்கள். அனுமதியில்லாமல் செய்தால் பணம் தர மறுக்கலாம், பழுதான பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டால் நிரூபிக்கவும் வழியிருக்காது. மறுத்தால், மின் ஹீட்டர் வாங்கிய செலவைத் தருவீர்களா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், முதல் நாளும் கடைசி நாளும் மின் மீட்டரைப் படம் எடுங்கள்.

படி 7: இன்ஜினியர் வந்ததும்

யார் அனுப்பியவராக இருந்தாலும் கேஸ் சேஃப் அடையாள அட்டையைக் கேளுங்கள். 2009 ஏப்ரலில் பழைய கோர்கி பதிவின் இடத்துக்கு வந்தது இது. முன்பக்கம் படமும் எண்ணும் காலாவதித் தேதியும், பின்பக்கம் எந்தெந்தக் கருவிகளைத் தொடத் தகுதி என்ற பட்டியலும் இருக்கும். பின்பக்கத்தைப் பாருங்கள், அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லரைத் தொடக் கூடாது.

பாகம் இல்லை, ஆர்டர் போட வேண்டும் என்றால் எந்தப் பாகம், அதன் எண் என்ன என்று கேளுங்கள். சேறு காரணம் என்று சொல்லிக் குழாய்களைக் கழுவப் பெருந்தொகை கேட்டால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். ரேடியேட்டரிலிருந்து எடுத்த நீரைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே கறுப்பாக இருந்தால் அவர் சொல்வது நியாயம். பாய்லர் தேறாது என்று சொன்னால் எழுத்தில் அறிக்கை வாங்காமல் விடாதீர்கள், அங்கேயே புதியதற்குக் கையெழுத்தும் போடாதீர்கள். இன்னொரு பதிவு பெற்ற இன்ஜினியரின் கருத்துக்கு ஆகும் செலவு, அவசரத்தில் வாங்கும் பாய்லரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஆபத்து என்று எச்சரிக்கைத் தாள் ஒட்டிப் போனால் மட்டும் வாதாட வேண்டாம். அதை மீறி ஓட்டக் கூடாது.

படி 8: வாடகை வீடு

1985ஆம் ஆண்டின் நிலக்கிழார், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, இங்கிலாந்தில் ஹீட்டிங், வெந்நீர் அமைப்புகளைப் பழுதுபார்க்கும் கடமையை வீட்டு உரிமையாளர் மேல் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும் இதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆண்டுதோறும் எரிவாயு பாதுகாப்புச் சோதனை நடத்திச் சான்றை உங்களிடம் தர வேண்டியதும் அவரே. 2022 அக்டோபர் 1 முதல் பாய்லர் உள்ள வசிக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர் வைக்க வேண்டும்.

முகவரிடம் போனில் சொன்னது போதாது, எழுதுங்கள். உரிமையாளர் நம் ஊர்க்காரர், தெரிந்தவர் என்றாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது எழுதுங்கள். நட்பு அதனால் கெடாது. கெட்டால் அது ஏற்கெனவே கெட்டிருந்தது. பதில் இல்லையென்றால் நகரசபையின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் புகார் செய்யலாம். வாடகையை நிறுத்திவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். வீட்டைக் காலிசெய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும்.

நகரசபை வீட்டுக் குடியிருப்பாளர்களுக்கு, அக்டோபர் 31க்கும் மே 1க்கும் இடையில் ஹீட்டிங் நின்றால் ஒரு வேலை நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற விதி 1994 முதல் இருக்கிறது. சிறிய, செலவு குறைந்த பழுதுகளுக்கு இது பொருந்தும். ரோச்டேலில் பூஞ்சை பிடித்த வீட்டில் 2020இல் இறந்த இரண்டு வயது அவாப் இஷாக்கின் பெயரால் வந்த சட்டம் (Awaab's Law), 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் (நகரசபையோ வீட்டுவசதிச் சங்கமோ வாடகைக்கு விடுபவை) நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து பாதுகாப்பாக்க வேண்டும் என்கிறது அது. குளிர்காலத்தில் நின்றுபோன பாய்லரும் அவ்வகையில் வரலாம். கடிதத்தில் அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள்.

படி 9: வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள்

'புகார்' என்ற சொல்லைப் பயன்படுத்தி எழுதுங்கள். வருத்தம், ஏமாற்றம் என்றெல்லாம் எழுதினால் கருத்து என்று ஒதுக்கிவைக்கப்படலாம். தேதி வாரியாக நடந்தது, வீட்டில் யார் இருந்தார்கள், எவ்வளவு செலவானது, என்ன வேண்டும்: ஒரு பக்கம் போதும். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கைகளை விரைவாகவும் நியாயமாகவும் கையாள வேண்டும் என்பது நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்தின் விதி. 'பனி அதிகம், அழைப்புகள் அதிகம்' என்பது ஓரளவுக்குத்தான் பதில். குளிர்காலத்துக்காகவே விற்ற ஒன்று குளிர்காலத்தில் நிரம்பி வழிகிறது என்று சொல்வதில் என்ன புதுமை?

நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம். அதற்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ ஆம்புட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. தனியாக வைத்த இன்ஜினியரின் பில், ஹீட்டர்ச் செலவு, பட்ட அவதிக்கு இழப்பீடு ஆகியவற்றைத் தரச் சொல்ல அவர்களால் முடியும்; நீங்கள் எடுத்த படங்களும் குறிப்புகளும் அங்கேதான் பேசும். பராமரிப்பு ஒப்பந்தமாக இருந்தால், நியாயமான கவனத்தோடும் நியாயமான காலத்திலும் சேவை செய்ய வேண்டும் என்ற 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள்.

கவர் வாங்கத்தான் வேண்டுமா?

என் கருத்து ஒருபக்கச் சார்பானது. பாய்லர் உத்தரவாதத்துக்குள் இருந்தால் வாங்காதீர்கள். சர்வீஸை மட்டும் தவறவிடாதீர்கள். வயது முதிர்ந்த பாய்லருக்குக் கவரின் விலை ஏறும், விலக்குகளும் கூடும்; அந்த மாதப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, நம்பகமான உள்ளூர் இன்ஜினியர் ஒருவரின் எண்ணை வைத்திருப்பது பெரும்பாலும் மேல். ஆனால் தனியாக வாழும் முதியவர், திடீரென்று ஐந்நூறு பவுண்டு புரட்ட முடியாத குடும்பம், யாரை அழைப்பது என்று தெரியாதவர் ஆகியோருக்குக் கவர் தரும் அந்த ஒற்றைத் தொலைபேசி எண்ணுக்கே விலை உண்டு. வாங்குவதானால் செப்டம்பரில் வாங்குங்கள். ஆண்டு முடிவில் தானாகப் புதுப்பிக்க விடாமல், விலை ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பேரம் பேசுங்கள்.

டிசம்பரில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிச் செய்தால் பாய்லரின் உறைதடுப்பு ஏற்பாடும் சேர்ந்து அணைந்துவிடும். மின்சாரத்தையும் எரிவாயுவையும் விட்டுவைத்து, தெர்மோஸ்டாட்டை 12 முதல் 15 டிகிரிக்குள் வைத்துவிட்டுப் போங்கள். பரணுக்குப் போகும் மூடியைச் சற்றே திறந்துவைத்தால் வீட்டின் வெப்பம் அங்குள்ள குழாய்களுக்கும் போகும். வீட்டுக் காப்பீட்டில் ஆளில்லாத வீடு என்ற பகுதியைப் படியுங்கள். 30 அல்லது 60 நாளுக்கு மேல் யாரும் இல்லாவிட்டால் குழாய் வெடிப்புச் சேதத்தை ஏற்க மாட்டோம் என்று பலவற்றில் இருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டிங் குறிப்பிட்ட டிகிரியில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சிலவற்றில் உண்டு. சாவியை அயலவரிடம் கொடுக்கும்போது தண்ணீர் வால்வு இருக்கும் இடத்தையும் காட்டிவிடுங்கள்.